மணல் காத்த அரண்கள்

கடலும் மணலும் கூடுமிடத்தில் எதுவும் இருந்தபடியே இருப்பதில்லை. நேற்று மேடாயிருந்தது இன்று பள்ளமாகின்றது. பாட்டன் வலையுலர்த்திய திடல் பேரன் காலத்தில் அலைவாய்க்குட் போய்விடுகின்றது. இத்தகைய நிலத்தின்மீது, என்றும் அழியாதனவாக எண்ணி, ஆயிரக்கணக்கான கொங்கிறீற்று அரண்களை ஒரு வல்லரசு கட்டியது. அவற்றுட் சிலவற்றை மணல் மூடிற்று. அறுபத்து மூன்று ஆண்டுகளின் பின்னர்க் கடல் அவற்றைத் திறந்து காட்டிற்று. டென்மார்க்கு நாட்டின் மேற்குக் கரையில், ஹூவிக் என்னும் இடத்தில், 2008 ஆம் ஆண்டில் நிகழ்ந்த இச்செய்தியையும் அதற்கு முன்னும் பின்னுமான வரலாற்றையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதுங்குகுழி என்னுஞ் சொல் நம்மவர்க்கு விளக்கம் வேண்டாதது. வீட்டு வளவிலே குழி தோண்டி, பனங்குற்றிகளைக் குறுக்கே அடுக்கி, மண்மூடைகளை மேலே பரப்பி, குழந்தைகளோடு அதனுள் ஒடுங்கியிருந்த நினைவு நம்மிற் பலர்க்கு இன்னும் மாறவில்லை. ஆயின் இங்கே பேசப்படுவது அதுவன்று. அக்குழி உயிரைக் காத்துக்கொள்ளக் குடிமக்கள் தம் கையாற் செய்தது. இது படைவீரர் உண்டு, உறங்கி, காவல்செய்து, போர்புரிவதற்கெனப் பொறியியலாளர் வரைந்த படத்தின்படி சீமெந்தும் உருக்கும் கொண்டு எழுப்பியது. ஆதலின் இதனை நிலவறை அரண் என்றும், சுருக்கமாக அரண் என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம்.

யேர்மனியப் படைகள் 1940 ஏப்பிரில் 9 ஆம் நாள் டென்மார்க்கினுட் புகுந்தன. எதிர்ப்புச் சில மணிநேரமே நீடித்தது. இச்சிறு நாட்டைக் கைப்பற்றியதன் நோக்கம் நோர்வேக்குச் செல்லும் வழியைக் காத்தலேயாம். யூற்லாந்துக் குடாநாட்டின் வடமேற்கு முனையிலுள்ள ஹன்ஸ்தோல்ம் என்னும் ஊரில் 38 சதமமீற்றர் வாயுடைய நான்கு பெரும் பீரங்கிகள் நிறுவப்பட்டன. எதிர்க்கரையில், நோர்வேயின் கிறிஸ்தியான்சண்ட் நகருக்கு அணித்தாக, அதே வகைப் பீரங்கிகள் நின்றன. இவற்றின் இலகுவான குண்டுகள் ஏறத்தாழ 55 கிலோமீற்றர் தூரஞ் செல்ல வல்லவை. இரு கரையிலிருந்தும் சுட்டால் ஸ்காகெறாக் நீரிணையின் பெரும்பகுதி அடைபடும்; நடுவே எஞ்சிய சிறு இடைவெளியைக் கடற்கண்ணிகளால் அடைத்தனர். கப்பல்கள் போய்வந்த கடல்வழியொன்றைக் கதவிட்டுப் பூட்டியது போன்ற ஏற்பாடு இது.

1942 மார்ச்சு 23 ஆம் நாள் ஹிட்லர் தமது நாற்பதாவது போர்க்கட்டளையைப் பிறப்பித்தார். நோர்வேயின் வடகோடியிலிருந்து பிரான்சு ஸ்பானிய எல்லைவரை, மேற்குக் கரை முழுவதையும் அரண்செய்யும் முயற்சி அதன்பின் விரைந்தது. இதனையே அத்திலாந்திக்குச் சுவர் என்பர். சுவர் என்பது ஒப்புக்கு வழங்கிய பெயர்தான். தொடர்ச்சியான மதில் எங்கும் இருக்கவில்லை. துறைமுகங்களின் அருகிலும் படையிறங்கற்கேற்ற மணற்கரைகளிலும் அரண்தொகுதிகள் விட்டுவிட்டு அமைந்தன. 1943 இன் இறுதியில் தளபதி றொம்மெல் இச்சுவரைப் பார்வையிட அனுப்பப்பட்டபோது முதலில் வந்தது டென்மார்க்குக் கரைக்கே. அவர் வந்துசென்ற பின்னர் அங்கே வேலை பன்மடங்கு பெருகிற்று. போர் முடிந்தபோது டென்மார்க்கில் மட்டும் ஏழாயிரம் வரையிலான அரண்கள் இருந்தன. நேசநாட்டுப் படைகளோ 1944 யூன் 6 ஆம் நாள் பிரான்சின் நோர்மண்டிக் கரையில் இறங்கின. யூற்லாந்தின் மணலிற் காத்திருந்தோர் எதிர்பார்த்த போர் அவர்களிடம் வரவேயில்லை.

இவ்வரண்களின் அமைப்பு அறியத்தக்கது. ஒவ்வொன்றையும் புதிதாகத் திட்டமிட நேரமில்லை. ஆதலின் ஒவ்வொரு தேவைக்கும் ஒரு மாதிரிப்படம் வரைந்து, அதற்கோர் எண் கொடுத்து, அப்படத்தையே எல்லா நாடுகளிலும் பின்பற்றினர். நோர்வேயிலுள்ள அரணொன்றினுட் பழகிய வீரன் பிரான்சிலுள்ள அதே எண்ணுடைய அரணுக்குள் இருட்டிலும் வழிதடவாமற் செல்லலாம். நிலையான அரண்களின் சுவரும் கூரையும் இரண்டு மீற்றர்த் தடிப்புடையவை. அவற்றினுள்ளே உருக்குக் கம்பிகள் நெருங்கப் பின்னியிருந்தன. பத்துப்பேர் தங்கும் அறையிலே சுவரோடு மடித்துவைக்கும் அடுக்குக் கட்டில்கள், ஓர் அடுப்பு, நச்சுப்புகை புகாது தடுக்கும் வடிகட்டியோடு கூடிய காற்றுப்பொறி, தொலைபேசி, சுவரிலே பேசுகுழாய் ஆகியன இருந்தன. வாயிற்கதவு உருக்காலானது, காற்றும் புகாவண்ணம் இறுக மூடுவது. வாயில் குண்டுபட்டு அடைபட்டால் வெளியேறுவதற்குப் பின்புறத்தே ஒடுக்கமான வழியொன்றும் வைத்தனர். அதன் அமைப்பு எளிமையிலே திறமுடையது. மேலேறும் அக்கூண்டை மணலால் நிரப்பி, உட்புறத்தைத் தளர்ந்த செங்கல்லால் அடைத்துவிடுவர். ஆபத்து வந்தபோது உள்ளிருப்போர் செங்கல்லை அகற்றினால் மணல் அறைக்குள் வழிந்துவிடும், கூண்டு வெறுமையாகும், அதனுள் ஏறி வெளிப்படலாம். பகைவன் மேலிருந்து இவ்வழியைக் காண்டலும் அரிது, இதனூடு இறங்கலும் அரிது.

இவற்றைக் கட்டியவர் யாவர்? இவ்வினாவை டென்மார்க்கு மக்கள் நெடுங்காலம் விரும்பிக் கேட்கவில்லை. திட்டமிட்டவர் யேர்மனியர், ஒப்பந்தமெடுத்துக் கட்டியவை பெரும்பாலும் டென்மார்க்குக் கொம்பனிகள், கல்லும் மணலும் சுமந்தோர் பல்லாயிரக்கணக்கான டென்மார்க்குத் தொழிலாளர். போரின் தொடக்கத்தில் அந்நாட்டிலே வேலையின்மை மிகுந்திருந்தது. மேற்குக் கரையில் நல்ல கூலி கிடைத்தது. அக்கூலியை வழங்கியதும் ஈற்றில் டென்மார்க்கு நாடேதான். யேர்மனியர் அந்நாட்டுத் தேசிய வங்கியில் தம் பெயரிற் கணக்கொன்று திறப்பித்து வேண்டிய பணத்தை அதிலிருந்து எடுத்தனர், அக்கடன் திரும்பவில்லை. தன்னைச் சிறைசெய்யுஞ் சுவரைத் தன் பணங்கொண்டு தானே கட்டிய நாடு எனலாம். விடுதலைக்குப் பின்னர் ஆக்கிரமிப்பாளரோடு வணிகஞ்செய்து பொருளீட்டியோர்மீது வழக்குகள் நடந்தன. பெரிய முதலாளிகள் தப்பினர், சிறியோரே அகப்பட்டனர் என்னுங் குறை மக்களிடம் நிலைத்தது. பசித்த குடும்பத்துக்காகச் சீமெந்து குழைத்தவனையும் கொள்ளையிலாபம் பெற்ற ஒப்பந்தகாரனையும் ஒரே தராசில் வைத்தல் நேர்மையன்று என்பது எமது கருத்து. எவ்வாறாயினும், அரண்களைப் பேசாது விட்டமைக்கு இந்த வெட்கமும் ஒரு காரணமாயிருத்தல் கூடும்.

இனி மணலின் வேலையைக் காண்போம். வடகடலின் மேல்காற்று யூற்லாந்துக் கரையை ஆண்டு முழுதும் தாக்குவது. அலை கொணர்ந்து குவிக்கும் மணலைக் காற்று உள்நாட்டுக்கு ஏற்றிச் செல்லும். ஆங்குள்ள ஒருவகை நெட்டைப்புல் அதனைத் தடுத்து நிறுத்தும். நம் கரைகளில் இராவணன்மீசை செய்யும் வேலையை அங்கே அப்புல் செய்கின்றது. மணல் மேலே குவியக் குவியப் புல்லும் மேலே வளர்ந்து மீண்டும் வேரூன்றும். இவ்வாறு எழுந்தனவே அக்கரையின் மணற்குன்றுகள். புல்லை மனிதரும் கால்நடையும் அழித்த இடங்களில் மணல் கட்டுக்கடங்காது அலைந்து ஊர்களையே விழுங்கியது. நாட்டின் வடமுனையிலுள்ள ஸ்காகன் என்னும் ஊரில் மக்கள் வழிபடச் செல்லும்போதெல்லாம் தேவாலயத்தின் வாயிலை மணலிலிருந்து தோண்டி எடுக்கவேண்டியிருந்தது. 1795 இல் அவர்கள் தளர்ந்து அதனைக் கைவிட்டனர். அதன் கோபுரம் மட்டும் இன்றும் மணலின்மேல் நிற்கின்றது. வடமராட்சி கிழக்கில் மணற்காட்டுப் பழைய கோயிலின் இடிபாட்டைப் பார்த்த அன்பர்கள் இக்காட்சியை எளிதில் மனத்திற் கொள்வர்.

ஆகவே கடற்கரைக் குன்றினுள் அரண்கட்டியவர்க்கு மணல் பகையன்று, துணையே. குழிபறித்து, அரணை எழுப்பி, மீண்டும் மணலால் மூடி, மேலே புல்லை நட்டுவிட்டால், வானூர்தியிலிருந்து பார்ப்போர்க்கு அது மற்றுமொரு குன்றாகவே தோன்றும். வாயிலையும் சுடுவாயையும் மட்டும் திறந்து வைத்துக்கொண்டனர். அவற்றைத் துப்புரவாக வைத்திருக்க ஆளுள்ளவரை வைத்திருந்தனர். ஆள் அகன்றபின் எஞ்சிய வேலையைக் காற்றே செய்து முடித்தது.

1945 மே 5 ஆம் நாட் காலை டென்மார்க்கிலுள்ள யேர்மனியப் படைகளின் சரணடைவு நடைமுறைக்கு வந்தது. வீரர்கள் தம் நாடு நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டனர். ஆயின் எல்லாரும் போகவில்லை. மேற்குக் கரை நெடுகப் பதினான்கு இலட்சம் வரையிலான மிதிவெடிகள் புதைக்கப்பட்டிருந்தன. அவற்றை அகற்றும் பணி யேர்மனியப் படையினரிடமே ஒப்படைக்கப்பட்டது. ஏறக்குறைய இரண்டாயிரம்பேர் சில மாதங்களுள் அவற்றிற் பெரும்பகுதியை எடுத்தனர். அப்பணியில் நூற்றைம்பது பேரளவில் இறந்தனர், அதனினும் கூடுதலானோர் உறுப்பிழந்தும் காயமுற்றும் போயினர். அவர்களுள் மிக இளையோரும் இருந்தனர். சிறைப்பட்டோரை இத்தகைய வேலைக்கு உட்படுத்தல் முறையா என்னும் வினா பிற்காலத்தில் அந்நாட்டிலேயே எழுந்தது. 2015 இல் அங்கு வெளிவந்த திரைப்படமொன்று அதனைப் பலரறியச் செய்தது. அலையும் மணலும் புரட்டிய வெடிகளை எல்லாம் அவர்கள் கண்டெடுத்தலும் இயலவில்லை. தென்மேற்கிலுள்ள ஸ்காலிங்கன் என்னும் மணற்றிட்டில் எஞ்சியவற்றை அகற்றும் வேலை 2012 இலேதான் முடிவுற்றது. போர் முடிந்து அறுபத்தேழு ஆண்டு! வன்னியிலும் முகமாலையிலும் வெடியகற்றுவோர் முழந்தாளிலிருந்து அங்குலம் அங்குலமாக மண்ணைத் தடவியதைக் கண்டவர்கள் இவ்வெண்ணைக் கேட்டு வியப்படையார்.

அகன்றோர் விட்டுச்சென்ற அரண்களை அயலூர்மக்கள் புகுந்து வெறுமையாக்கினர். இரும்பும் மரமும் துணியும் அரிதாயிருந்த காலம் அது. கட்டில், கதவு, அடுப்பு, கம்பி என எடுக்கத்தக்கன அனைத்தும் எடுக்கப்பட்டன. பின்னர் அவை சிறுவர்க்கு விளையாட்டிடமாகவும் காதலர்க்கு மறைவிடமாகவும் குப்பைக்குழியாகவும் பயன்பட்டன. எனவே ஏழாயிரம் அரண்களிருந்தும், அவற்றினுள் மாந்தர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைக் காட்டும் அரண் ஏறத்தாழ இல்லையென்றே ஆயிற்று. கொங்கிறீற்று எஞ்சியது, வாழ்க்கை எஞ்சவில்லை.

ஹூவிக் கண்டுபிடிப்பின் சிறப்பு இவ்விடத்திலேயே விளங்கும். 2008 ஆம் ஆண்டில் வடகடலிலெழுந்த கடும்புயல் அக்கரையின் குன்றுச் சரிவைப் பெயர்த்தது. அதுவரை யாரும் அறியாதிருந்த அரண்கள் சிலவற்றின் முகப்பு வெளிப்பட்டது. விடுமுறைக்குப் பெற்றோரோடு வந்திருந்த ஒன்பது வயதுச் சிறுவர் இருவரே முதலிற் கண்டனர் என்று அக்காலச் செய்திகள் கூறின. அறிஞர்களும் ஆர்வலர்களும் வந்து மணலை அகற்றி உள்ளே புகுந்தபோது, வீரர்கள் நேற்றுத்தான் வெளியேறினார்கள் என்று எண்ணத்தக்கதாய் அறைகள் காட்சியளித்தன. கட்டிலும் மேசையும் நாற்காலியும் செய்திக்கருவிகளும் இருந்தவாறே இருந்தன. சப்பாத்துகள், காலுறைகள், உள்ளாடைகள், மைக்கூடுகள், பென்சில்கள், நூல்கள், ஹிட்லரின் உருவம் பொறித்த முத்திரைகள் என்பனவும் கிடைத்தன. பாதி அருந்திய மதுப்புட்டி ஒன்றிருந்தது. ஒருவனுடைய சுங்கானிலே புகையிலை அடைத்தபடியே கிடந்தது. ஆய்வாளருள் ஒருவர் இதனைப் பிணங்கள் காக்கப்பட்ட எகிப்தியக் கூர்ங்கோபுரத்தினுட் புகுந்த அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பேசினார்.

இவை கெடாது நின்றமைக்குக் காரணம் வியப்புக்குரியதன்று. பொருள்களை அழிப்பன முதலில் மனிதர், அடுத்து ஒளி, வெப்பமாற்றம், ஓயாது புகும் ஈரக்காற்று ஆகியன. மனிதரை மணல் மறித்தது. இரண்டு மீற்றர்ச் சுவரும் அதன்மேற் குவிந்த மணலும் கோடை குளிர்கால வேறுபாட்டை உள்ளே செல்லவிடவில்லை. குன்றுமணலில் மழைநீர் தங்காது விரைந்து கீழிறங்கிவிடுவதால் அரண் நீரில் ஊறவுமில்லை. நச்சுப்புகைக்கு அஞ்சி இறுக்கிய கதவு காற்றோட்டத்தையும் தடுத்தது. படைத்தொழிற் பொறியியலாளர் தாம் எண்ணாமலே நல்லதோர் அரும்பொருட்பேழையைச் செய்துவிட்டனர்.

பேழை திறந்ததும் கேடு தொடங்கும் என்பதையும் சொல்லவேண்டும். உப்பேறிய இரும்பு புதிய காற்றுப் பட்டதும் விரைந்து துருவேறி உதிரும். நனைந்து நெகிழ்ந்த தோல் உலருங்கால் சுருங்கி வெடிக்கும். தாளிற் பூஞ்சணம் படரும். இதனாலேயே கண்டெடுத்த பொருள்கள் காலந்தாழ்த்தாது காப்புவேலை செய்யும் நிலையத்துக்கு அனுப்பப்பட்டன. துருவூக்கும் உப்பை இரும்பிலிருந்து நீக்குவதற்கு அதனைக் காரநீரிலே மாதக்கணக்காக ஊறவைத்தலும் உண்டு. கண்டெடுத்தல் ஒருநாள் வேலை. காத்தல் பல்லாண்டு வேலை. செய்தித்தாள்கள் முதலாவதை மட்டுமே எழுதுகின்றன.

ஹூவிக் அரண்களில் 1944 இல் பதினேழு வயதினனாகக் காவல்செய்த யேர்மனியர் ஒருவர், செய்தியறிந்து முதுமையில் அங்கு வந்து பார்த்தார். பதினேழு வயது என்பது நமது கல்லூரியிலே உயர்தர வகுப்பில் அமர்ந்திருக்கும் வயது. போர்வரலாற்று நூல்களில் அத்திலாந்திக்குச் சுவர் படைப்பிரிவுகளின் எண்களாகவும் பீரங்கிகளின் அளவுகளாகவும் தோன்றும். காலுறையும் பென்சிலும் அவ்வெண்களுக்குள் இருந்தோர் யார் என்பதைக் காட்டுகின்றன. ஆக்கிரமிப்பின் குற்றம் இதனாற் குறைந்துவிடாது. அக்குற்றம் யார் கையாற் செய்விக்கப்பட்டது என்பது மாத்திரம் தெளிவாகின்றது.

கடல் திறந்து காட்டுவதோடு நிற்பதில்லை. யூற்லாந்தின் மேற்குக் கரை பல இடங்களில் ஆண்டுக்கு ஒரு மீற்றருக்கு மேலாகவும் தேய்வது. ரூபியர்க் நூட என்னும் குன்றின்மேல் 1900 இல் கட்டிய கலங்கரை விளக்கம் அன்று கடலிலிருந்து ஏறத்தாழ 200 மீற்றர் உள்ளே நின்றது. மணல் அதனைச் சூழ்ந்து ஒளியையே மறைத்தமையால் 1968 இல் அணைக்கப்பட்டது. பின்னர் அதே குன்றைக் கடல் அரித்து அதன் அடியை நெருங்கவே, 2019 இல் சக்கரங்களின்மீதேற்றி 70 மீற்றர் உள்ளே நகர்த்தினர். அரண்களை யாரும் நகர்த்தவில்லை. குன்றின் நடுவே கட்டியவை குன்றின் விளிம்புக்கு வந்தன. விளிம்பிலிருந்து கரைக்குச் சரிந்தன. இப்பொழுது சில அலைகளின் நடுவே சாய்ந்து கிடக்கின்றன. அவை நகர்ந்தன அல்ல, நிலமே அவற்றைவிட்டுப் பின்வாங்கியது. கட்டியபோது அவை நின்ற இடம் அக்காலப் படங்களில் உள்ளது. ஆதலின் கரை எவ்வளவு தேய்ந்தது என்பதை அளக்கும் அளவுகோல்களாகவும் அவை பயன்படத்தக்கவை. பகைவனை அளக்க நிறுத்திய அரண் கடலை அளக்கின்றது. இத்தேய்வைத் தணிக்க டென்மார்க்கு அரசு ஆண்டுதோறும் பெருந்தொகையான மணலைக் கடலடியிலிருந்து அள்ளிக் கரையிற் சொரிந்து வருகின்றது. அதன் பயனாகச் சில அரண்கள் மீண்டும் மூடப்படுதலுங்கூடும்.

கரையிற் சாய்ந்தவை குளிப்போர்க்குத் தீங்காயின. உடைந்த கொங்கிறீற்றிலிருந்து நீட்டிய கம்பிகள் நீருக்குட் கண்ணுக்குத் தெரியா. சுற்றியும் அலை பறித்த பள்ளங்களில் நீரோட்டம் சுழலும். ஆகவே 2013 ஆம் ஆண்டளவில் அரசு பல அரண்களை உடைத்து அகற்றியது. இதனை வரலாற்றழிப்பு என்று கண்டித்தோரும் உளர். எமக்கு அக்கண்டனம் முழுதும் ஏற்புடையதன்று. ஒரே மாதிரிப்படத்தின்படி கட்டி, உள்ளே யாதுமற்று, நீரில் மூழ்கிக்கிடக்கும் நூறாவது அரணைக் காப்பதாற் புதிதாய் அறிவது யாது? அகற்றுமுன் அளந்து, படம்பிடித்து, இடங்குறித்து வைத்தாற் போதுமானது. ஆனால் மணலுக்குள் இன்னும் மூடுண்டிருப்பனவற்றின் நிலை வேறு. அவற்றை ஆர்வலர் கண்டபடி திறவாது, காப்புவேலைக்கு ஆளும் பொருளும் ஆயத்தமாகும்வரை மணலிலேயே விடுதல் நன்று.

சிலவற்றை அந்நாட்டார் வேறு வகையாற் பயன்கொண்டனர். ஹன்ஸ்தோல்மின் பெரும் பீரங்கியரண் ஒன்று ஏறத்தாழ 3,000 சதுரமீற்றர்ப் பரப்புள்ள நூதனசாலையாக இருக்கின்றது. ஹீர்ட்சால்ஸ் துறையருகில் ஓர் அரண்தொகுதி முழுவதையும், அகழிகளோடு, மணலிலிருந்து தோண்டியெடுத்து மக்கள் பார்வைக்கு விட்டுள்ளனர். பிளாவன்ட் என்னும் இடத்தில் முற்றுப்பெறாத பீரங்கியரண் ஒன்றினருகே குன்றினுட் குடைந்தாற்போல அமைத்த புதிய நூதனசாலை 2017 இல் திறக்கப்பட்டது. அதே கரையில், விடுதலையின் ஐம்பதாம் ஆண்டாகிய 1995 இல், பிரித்தானியச் சிற்பி பில் வூட்றோ சில அரண்களுக்கு உருக்கினாற் செய்த தலையும் வாலும் பொருத்தினார். கடலை நோக்கி நின்ற அவை இப்பொழுது கோவேறு கழுதைகள். கோவேறு கழுதை இனம்பெருக்க இயலாதது. சிற்பி அதனைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணமும் அதுவே என்பர். கோடைவிடுமுறையில் டென்மார்க்குச் சிறுவரும் யேர்மனியச் சிறுவரும் அவற்றின் முதுகிலேறி விளையாடுகின்றனர். அவற்றின் உருக்குத் தலைகள் கடற்காற்றிலே துருவேறிச் சிவந்திருக்கின்றன. கால்களைச் சுற்றி மணல் ஏறியும் இறங்கியும் வருகின்றது.